மாரா புழுக்கையில் மிதந்த முட்டைக்குப் பெயர் தேடுதல்

உயிரியல் பூங்காவில் மாரா என்ற கொறிணிகள் வாழும் கூடத்திலிருந்து வந்த புழுக்கையை அடர்ந்த கரைசலில் மிதக்கவிட்டதும் இரண்டு வகை முட்டைகள் மேலே வந்தன. ஒன்று, இரு முனையிலும் அடைப்பு வைத்த எலுமிச்சை வடிவம். மற்றது நீளமானது, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. "சாட்டைப்புழு, ஊசிப்புழு" என்று குறிப்பேட்டில் எழுதி, மருந்து கொடுத்து, வேலையை மூடிவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

ஊசிப்புழு என்றால் எந்த ஊசிப்புழு என்பதில்தான் சிக்கல். மாராவுக்கே உரிய வெல்கோமியா டோலிகோடிஸ் என்றால் தொற்று கூட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. கூடத்தில் நுழையும் சுண்டெலியின் சிஃபேசியா ஒப்வெலாட்டா என்றால் மாராவுக்கு மருந்து கொடுப்பதில் பயனில்லை. தீவனத் தொட்டியைச் சுண்டெலி எட்டாதபடி செய்வதுதான் வைத்தியம். முட்டை இந்த இரண்டையும் பற்றிக் குறிப்புக் கொடுக்கும், முடிவு சொல்லாது. முடிவுக்கு முழுப் புழு வேண்டும், அதிலும் ஆண் புழு. கீழே உள்ள வரிசை அந்த ஆண் புழுவை எட்டும் வழிதான். மாரா, அகூட்டி, கேப்பிபாரா, முள்ளம்பன்றி, ப்ரெய்ரி நாய் என்று எந்தக் கொறிணிக்கும் இது பொருந்தும்.

புழுக்கை எடுப்பது

மண் தரையில் கிடந்த புழுக்கையை எடுத்தால் பாதி வேலை அங்கேயே கெடும். மண்ணில் சுதந்திரமாக வாழும் உருண்டைப்புழுக்கள் சில மணி நேரத்தில் புழுக்கைக்குள் ஏறிவிடும். மைக்ரோஸ்கோப்பில் நெளியும் அந்த லார்வாவைப் பார்த்து, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடல் ஒட்டுண்ணிப் புழு என்று எழுதுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இரவு அடைக்கும் அறையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, காலையில் முதல் வேலையாக எடுக்க வேண்டும். உடனே 4 டிகிரி குளிரில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. மெல்லிய ஓடுள்ள முட்டைகள் உறைந்தால் சிதைந்துபோகும். வெளியே வைத்தாலும் ஆபத்துதான்: ஸ்ட்ராங்கிலாய்டிஸ் முட்டை லார்வாவோடுதான் வெளியே வருகிறது, சில மணி நேரத்தில் பொரிந்தும் விடும்.

முட்டை வெளியாவது நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதால், ஒரு வாரத்துக்குள் இடைவெளி விட்டு மூன்று மாதிரிகள். கூட்டமாக இருக்கும் விலங்குகளில் எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றுக்கும் பிடித்த தின்பண்டத்தில் நச்சில்லாத வெவ்வேறு நிற மினுக்குத் தூள் கலந்து கொடுப்பது பூங்காக்களில் வழக்கம். கொறிணிகளிடம் இதற்கு ஒரு ஓட்டை உண்டு. தங்கள் புழுக்கையைத் தாங்களே தின்பவை இவை, சில சமயம் பக்கத்து விலங்குடையதையும் தின்னும். ஒரே புழுக்கையில் இரண்டு நிறம் தெரிந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவதுதான் நல்லது.

சுண்டெலிக் கலப்படத்தைப் பிடிக்க ஒரு எளிய சோதனை. புழுக்கையின் வெளிப்புறத்தை உப்புநீரில் அலசி, அலசிய நீரைத் தனியாகப் பார்க்கவும். பிறகு புழுக்கையை உடைத்து நடுப்பகுதியை மட்டும் தனியாகப் பார்க்கவும். முட்டை வெளிப்புற அலசலில் மட்டும் இருந்தால் சந்தேகம் சுண்டெலி மேல். நடுவில் இருந்தாலும் அதோடு தீர்ப்பு எழுத முடியாது. விழுங்கிய முட்டை செரிக்காமல் அப்படியே குடல் வழியாகக் கடந்து வரலாம். சந்தேகமுள்ள விலங்கைச் சுத்தமான தரையில், சுண்டெலி நெருங்காத இடத்தில், புதுத் தீவனத்தோடு ஐந்தாறு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் முட்டை வந்தால் புழு உள்ளே இருக்கிறது. இந்தக் கூடத்து மாராக்களில் இரண்டு வகை முட்டையும் வருவது நிற்கவில்லை.

மிதக்கவிடும் கரைசல்

ஜிங்க் சல்ஃபேட் கரைசல், ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.18. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 331 கிராம் போட்டுத் தொடங்கி, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டுவதைப் பார்த்து நீரோ உப்போ சேர்த்துச் சரிசெய்வது. எடையை மட்டும் நம்பக் கூடாது. புட்டியைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி அடர்த்தி ஏறும், ஈரம் குடித்த உப்பானால் இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை ஹைட்ரோமீட்டரை இறக்கிப் பார்ப்பது இந்த வேலையிலேயே மிக மலிவான காப்பீடு.

சாட்டைப்புழு முட்டை கனமானது. 1.18-இல் மிதக்கும், ஆனால் சுழற்றாமல் சும்மா வைத்தால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அதற்குச் சர்க்கரைக் கரைசல் மேல்: 355 மில்லி வெந்நீரில் 454 கிராம் சர்க்கரை, பூசணம் பிடிக்காமல் இருக்க 6 மில்லி ஃபார்மலின், ஒப்படர்த்தி 1.27 அளவில். இதன் குறை, கை, ஸ்லைடு, மேசை எல்லாம் பிசுபிசுக்கும். லார்வாவும் மெல்லிய ஓட்டு முட்டைகளும் இதில் சுருங்கி உருத்தெரியாமல் போகும். ஆகவே ஒரே மாதிரியை இரண்டிலும் ஓட்டுவது. ஒன்றில் இல்லாதது மற்றதில் தெரியும்.

இரண்டு மூன்று கிராம் புழுக்கையைக் கரைசலில் மசித்து, வடிகட்டியில் வடித்து, 15 மில்லி குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவியில் நிமிடத்துக்கு 1,200 முதல் 1,500 சுழற்சியில் 5 நிமிடம். பிறகு குழாயை விளிம்புக்கு மேல் லேசாகப் புடைக்கும் அளவுக்கு நிரப்பி, 22 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்பை மேலே வைத்து 10 நிமிடம். சுழலும் தலை ஆடும் வகையாக இருந்தால் கவர் ஸ்லிப்போடு சேர்த்தே சுழற்றலாம். நிலையான சாய்வுத் தலையில் அப்படிச் செய்தால் ஸ்லிப் பறந்துபோகும்.

மாராவும் கேப்பிபாராவும் நிறையப் புல் தின்பவை. அவற்றின் கரைசலில் தாவர மயிர்கள், மகரந்தம், தீவனத்து உண்ணிகளின் முட்டைகள் எல்லாம் கூடவே மிதந்து வரும். உண்ணி முட்டை பெரிது, ஓடு மங்கல், உள்ளே சில சமயம் கால்களே தெரியும். அதை நாடாப்புழு முட்டை என்று எழுதினால் இல்லாத நோய்க்கு மருந்து போகும்.

எண்ணிக்கை வேண்டுமானால் மெக்மாஸ்டர் என்ற, எண்ணுவதற்கான அறைகள் கொண்ட ஸ்லைடு: 4 கிராம் புழுக்கை, 56 மில்லி கரைசல், இரண்டு அறையிலும் எண்ணிய மொத்தத்தை 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு இத்தனை முட்டை. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இது உதவும். பெயர் கண்டுபிடிக்க இதனால் உதவி எதுவும் இல்லை.

அளப்பது

அளவு எழுதாத குறிப்பு பிற்பாடு யாருக்கும் பயன்படாது. கண்வில்லையில் உள்ள அளவுகோலை ஒவ்வொரு ஆப்ஜெக்டிவுக்கும் தனித்தனியாக ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவு பொறித்த ஸ்லைடு) வைத்துப் பொருத்த வேண்டும். 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் 100 மைக்ரான் நீளத்துக்குக் கண்வில்லையின் 40 கோடுகள் வந்தால், ஒரு கோடு 2.5 மைக்ரான். இந்த எண்ணைச் சீட்டில் எழுதி மைக்ரோஸ்கோப்பின் மேலேயே ஒட்டிவிடுவது உத்தமம். கேமரா திரையில் அளப்பவர்கள் படத்தின் அளவை மாற்றிச் சேமித்தால் கணக்கு முழுதும் போச்சு.

இருபது முட்டையாவது அளந்து, குறைந்ததும் கூடியதும் எழுத வேண்டும். சிஃபேசியா ஒப்வெலாட்டா முட்டை 118 முதல் 153 மைக்ரான் நீளம், 33 முதல் 55 அகலம். பெரிய எலியிடம் வரும் சிஃபேசியா மியூரிஸ் முட்டை 72 முதல் 82 நீளம், 25 முதல் 36 அகலம். சுண்டெலியின் இன்னொரு ஊசிப்புழுவான அஸ்பிகுலூரிஸ் டெட்ராப்டெரா 89 முதல் 93 நீளம், 36 முதல் 42 அகலம். இதற்கு இரு பக்கமும் ஒரே மாதிரி, தட்டைப் பக்கம் கிடையாது. கினிப்பன்றியின் பாராஸ்பிடோடெரா அன்சினாட்டா முட்டை 43-க்கு 31 அளவில், தடித்த ஓட்டோடு இருக்கும். ஊசிப்புழு முட்டை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நாடாப்புழுக்களில் ரோடென்டோலெபிஸ் நானா முட்டையின் உள்ளோட்டின் இரு முனையிலிருந்தும் நூல்போன்ற இழைகள் கிளம்பும். ஹைமெனோலெபிஸ் டிமினியூட்டாவில் அந்த இழைகள் இல்லை, முட்டையும் பெரிது. இழை தெரிய ஃபோகஸை மெல்ல மேலும் கீழும் திருப்ப வேண்டும். ஒரே தளத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதக் கூடாது.

சாட்டைப்புழு முட்டை கிட்டத்தட்ட எல்லாக் கொறிணிகளிலும் ஒரே குடும்பச் சாயல். சுண்டெலியின் ட்ரைக்யூரிஸ் மியூரிஸ், அகூட்டியின் ட்ரைக்யூரிஸ் கிராசிலிஸ், மாராவின் ட்ரைக்யூரிஸ் டோலிகோடிஸ் என்று முட்டையை வைத்துப் பிரிக்கத் துணிவது வீம்பு. இந்தக் கட்டத்தில் குறிப்பேட்டில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஊசிப்புழுவுக்கு டேப் சோதனையும் உண்டு. ஒளி ஊடுருவும் ஒட்டு டேப்பை ஆசனவாயைச் சுற்றி ஒற்றி, ஒட்டும் பக்கம் கீழாக ஸ்லைடில் பதித்துப் பார்ப்பது. சிஃபேசியாவின் பெண் புழு வெளியே வந்து ஆசனவாய் ஓரத்தில் முட்டையிடுவதால் மிதக்கவிடலில் தப்புவது இதில் சிக்கும். அஸ்பிகுலூரிஸ் முட்டையிடுவது குடலுக்குள், அதற்கு டேப் வெறுமையாகத்தான் வரும். மாராவை இதற்காக மட்டும் பிடிக்கவே கூடாது; மிரண்டால் வேலியில் மோதி எலும்பை உடைத்துக்கொள்ளும். வேறு காரணத்துக்கு மயக்கம் கொடுக்கும் நாளில் டேப்பையும் முடித்துவிடலாம்.

முழுப் புழுவைப் பிடிப்பது

உயிருள்ள விலங்கிலிருந்து முழுப் புழு கிடைக்கும் வாய்ப்பு குடற்புழு மருந்து கொடுத்ததற்குப் பிந்தைய இரண்டு மூன்று நாள்தான். அந்த நாட்களில் விழும் புழுக்கை முழுவதையும் விடாமல் சேர்க்க வேண்டும். எந்த மருந்து என்பது விலங்கு மருத்துவர் முடிவு. ஆனால் அடையாளம் காணும் நோக்கத்தையும் அவரிடம் சொல்லி வைப்பது நல்லது. பைரண்டெல் ஊசிப்புழுவை மரத்துப்போகச் செய்து வெளியே தள்ளுவதால் புழு ஓரளவு முழுசாக வரும். சாட்டைப்புழுவை அது தொடாது. ஃபென்பென்டசோல் போன்றவை மெதுவாகக் கொல்வதால் புழு நைந்து வரும். வாலும் தலையும் தேறினால் அதிர்ஷ்டம்.

புழுக்கையை வெதுவெதுப்பான 0.9 சதவீத உப்புநீரில் கரைத்து, சல்லடையில் அலசுவது. இங்கே சல்லடைக் கண்ணின் அளவுதான் எல்லாம். 150 மைக்ரான் சல்லடையில் பெண் புழுக்கள் தங்கும், ஆண்கள் தப்பிவிடும். சிஃபேசியா ஒப்வெலாட்டா ஆணின் நீளமே 1.1 முதல் 1.5 மில்லிமீட்டர், பருமன் அந்தக் கண்ணை விடக் குறைவு. நெட்டுக்குத்தாக வந்தால் நழுவிப் போகும். "ஆண் புழு கிடைக்கவில்லை" என்ற குறிப்புகளில் கணிசமானவற்றுக்குச் சல்லடைதான் காரணம் என்பது என் எண்ணம். 75 மைக்ரான் சல்லடை போட்டு, மேலே தங்கியதை கறுப்புப் பின்புலத்தில் சிறுகச் சிறுக ஊற்றி, ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு விலங்கின் ஒரு நாள் புழுக்கைக்கு அரை நாள் போகும்.

விலங்கு இறந்தால் போஸ்ட்மார்ட்டம்தான் சிறந்த வழி. உடல் ஆறும் முன்பே செய்தால்தான் புழு உருக்குலையாது. குடலைத் தனித்தனியாக நூல் கட்டிப் பிரிக்கவும்: இரைப்பை, சிறுகுடல், சீக்கம் (பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை), பெருங்குடல். எந்தப் பகுதியில் கிடைத்தது என்பதே பாதி அடையாளம். நாடாப்புழு சிறுகுடலில், அஸ்பிகுலூரிஸ் பெருங்குடலில், சாட்டைப்புழுவும் சிஃபேசியாவும் பாராஸ்பிடோடெராவும் சீக்கத்தில். கேப்பிபாராவின் சீக்கத்தில் கூட்டங்கூட்டமாக இருப்பது புரோட்டோசூபேகா ஒபீசா. அந்தப் பெயரே அது தின்பது என்ன என்று சொல்லிவிடுகிறது, சீக்கத்தில் நீந்தும் ஓரணு உயிரிகளைத்தான். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

சாட்டைப்புழுவைச் சாமணத்தால் இழுக்கவே கூடாது. அதன் மெல்லிய முன்பாதி குடல் சவ்வுக்குள் தைத்துக் கிடக்கும். இழுத்தால் தடித்த பின்பாதி மட்டும் கையில் வரும். சவ்வோடு சேர்த்து வெட்டி எடுத்து, 37 டிகிரி உப்புநீரில் ஊறவைத்து, ஸ்டீரியோவின் கீழ் ஊசியால் சவ்வைப் பிய்த்துப் புழுவை விடுவிக்க வேண்டும்.

கொல்வதும் தெளியவைப்பதும்

உருண்டைப்புழுவைக் குளிர்ந்த ஃபார்மலினில் போட்டால் சுருண்டு கல்லாகிவிடும். பிறகு எந்த அளவும் எடுக்க முடியாது. உப்புநீரில் அலசி, 60 முதல் 65 டிகிரிக்குச் சூடாக்கிய 70 சதவீத ஆல்கஹாலில் சட்டென்று போட வேண்டும். விழுந்த வேகத்தில் புழு நீட்டிக்கொண்டு செத்துவிடும். ஆல்கஹாலை நேரடி நெருப்பில் சூடாக்குவது தற்கொலைக்குச் சமம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் புட்டியை இறக்கிச் சூடாக்கவும். நாடாப்புழுவுக்கு நேர்மாறு: குளிர்பெட்டியில் தண்ணீரில் தளரவிட்டு, நெளிவது நின்ற பின்பே ஆல்கஹால்.

டிஎன்ஏவுக்குப் புழுக்களைத் தனியாக 95 சதவீத ஆல்கஹாலில் போடவும். ஃபார்மலின் பட்ட புழுவிலிருந்து டிஎன்ஏ எடுக்க முயல்வது பெரும்பாலும் பணவிரயம்.

உள்ளுறுப்புகள் தெரியப் புழுவைத் தெளியவைக்க வேண்டும். லாக்டோஃபினால்: ஃபினால் 1 பங்கு, லாக்டிக் அமிலம் 1, கிளிசரின் 2, தண்ணீர் 1. சிறிய ஊசிப்புழு சில நிமிடத்தில் கண்ணாடியாகும், தடித்த சாட்டைப்புழுவுக்கு ஒரு நாளும் ஆகலாம். ஃபினால் தோலைச் சுடும், ஆகையால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அது வேண்டாம் என்றால் 70 சதவீத ஆல்கஹாலில் 5 சதவீதம் கிளிசரின் கலந்து, புழுவைப் போட்டு, புட்டி வாயைத் துணியால் மூடி, ஆல்கஹால் மெல்ல ஆவியாக விடலாம். நாள் பிடிக்கும்; ஆனால் புழு சுருங்காது, மாதிரி ஆண்டுக்கணக்கில் நிற்கும். அவசரம் இல்லாதவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை.

எதைப் பார்ப்பது

முதல் கேள்வி, ஸ்பிக்யூல் எத்தனை. ஆணின் வாலில் பழுப்பேறிய ஊசிபோலத் தெரியும் இனப்பெருக்க முள் அது. உணவுக்குழல் முடிவில் உருண்டைக் குமிழும் ஒரே ஸ்பிக்யூலும் இருந்தால் ஊசிப்புழுக் குடும்பம். குமிழ் இருந்து, சமமான இரண்டு ஸ்பிக்யூலும், கழிவாய்க்கு முன்னால் வட்ட உறிஞ்சியும் இருந்தால் பாராஸ்பிடோடெரா பக்கம். அஸ்பிகுலூரிஸ் ஆணுக்கு ஸ்பிக்யூலே கிடையாது. ஆனால் கழுத்தில் அகலமான சிறகுபோன்ற தோல் மடிப்பு, சட்டென்று வெட்டியதுபோல் முடிவது, அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிஃபேசியா ஆணின் வயிற்றுப்புறத்தில் மூன்று மேடுகள் வரிசையாக இருக்கும். புழுவைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால்தான் அவை தெரியும். கவர் ஸ்லிப்பை ஊசி நுனியால் லேசாகத் தள்ளிப் புழுவை உருட்டி அந்தக் கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூடத்துக்குள் பொறியில் விழுந்த சுண்டெலியிடமிருந்து எடுத்த சிஃபேசியா ஆணைப் பக்கத்து ஸ்லைடில் வைத்துப் பார்த்ததுதான் இந்த வேலையைத் தீர்த்தது. மாராவின் ஆண் புழுக்களில் அந்த மூன்று மேடு இல்லை. வயிற்றுப்புற அமைப்பும் வாலும் வெல்கோமியாவோடு போய் நின்றன. சுண்டெலியிடம் தொற்று உண்டு, ஆனால் மாராவிடம் இருப்பது அது அல்ல.

சாட்டைப்புழுவில் ஆணின் ஸ்பிக்யூல் நீளம், அதைச் சுற்றிய உறையின் வடிவம், உறையில் உள்ள முட்களின் பரவல், பெண்ணில் பிறப்புவாயின் விளிம்பு ஆகியவைதான் பிரிக்கும் அடையாளங்கள். உறை உள்ளே இழுத்துக்கொண்டு செத்த ஆண் அவ்வளவாகப் பயன்படாது. பத்து ஆணாவது வேண்டும். மருந்துக்குப் பின் வெளியேறிய நைந்த புழுக்களில் இது கிடைக்கவில்லை, ஆகவே இந்தக் கூடத்துச் சாட்டைப்புழு குறிப்பில் "ட்ரைக்யூரிஸ், இனம் தெளிவில்லை" என்றே நிற்கிறது.

டிஎன்ஏவுக்கு அனுப்பும்போது புழுவின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி அனுப்பி, தலையும் வாலும் அதே எண்ணிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இனம் பிரிக்க வழக்கமாகப் படிக்கப்படும் டிஎன்ஏ துண்டுகள் ஐடிஎஸ் பகுதியும் காக்ஸ்-1 மரபணுவும். அரிய கொறிணிகளின் புழுக்களில் பல தரவுத்தளத்திலேயே இல்லை. பட்டியலில் முதலில் வந்த பெயர் 88 சதவீதம்தான் ஒத்துப்போகிறது என்றால் அது உறவுக்காரனின் பெயர். அதை அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

புழுக்கையில் வராதவை

தலை சாய்ந்து, சுற்றிச் சுற்றி ஓடும் ப்ரெய்ரி நாயின் புழுக்கை சுத்தமாக இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். ரக்கூனின் உருண்டைப்புழுவான பெய்லிசாஸ்காரிஸ் புரோசியோனிஸ் கொறிணிகளில் லார்வாவாகவே மூளைக்குள் அலையும். முட்டை எதுவும் வெளியே வராது. ரக்கூன் முன்பு இருந்த கூடு, அது மேய்ந்த இடத்து வைக்கோல் என்றால் சந்தேகம் இரட்டிப்பு, ஏனெனில் முட்டை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். இறந்த விலங்கின் மூளையில் பாதி ஃபார்மலினுக்கு, பாதி இரு கண்ணாடித் தகட்டுக்கிடையே நசுக்கிப் பார்க்க. வெட்டுத்துண்டில் அந்த லார்வா சுமார் 60 முதல் 70 மைக்ரான் பருமன், இரு பக்கமும் ஒவ்வொரு சிறகு முனை. நாய், பூனையின் உருண்டைப்புழுவான டாக்சோகாராவின் லார்வா 20 மைக்ரான்தான், குழப்பம் வராது. ரக்கூன் வழி வரும் முட்டை மனிதருக்கும் ஆபத்து. பழைய ரக்கூன் கூட்டைச் சுரண்டும்போது முகக்கவசம் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

இன்னொன்று கலோடியம் ஹெபாடிகம் என்ற உருண்டைப்புழு. முட்டை சாட்டைப்புழு முட்டையின் சாயல், ஆனால் அடைப்புகள் புடைக்காமல் ஓட்டோடு அமுங்கியிருக்கும், ஓட்டில் கோடுகள் ஓடும். புழு வாழ்வது கல்லீரலில், முட்டையும் அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கும். கல்லீரலில் வெளிறிய திட்டு தெரிந்தால் அதைச் சுரண்டி ஸ்லைடில் நசுக்கினால் போதும். புழுக்கையில் இந்த முட்டை கண்டால், அந்த விலங்கு பாதிக்கப்பட்ட சுண்டெலியைக் கடித்துத் தின்றிருக்கிறது என்பதே முதல் ஊகம்.

அடுத்த சுற்றில்

75 மைக்ரான் சல்லடை முதல் நாளிலிருந்தே. மருந்து கொடுக்கும் தேதி முடிவாகும் முன்பே சூடான ஆல்கஹாலுக்கும் 95 சதவீதத்துக்கும் தனித்தனிப் புட்டிகள் தயார். சுண்டெலிப் பொறி மாராவின் முதல் மாதிரியோடு சேர்த்தே வைப்பது. ஒப்பிட ஸ்லைடு கையில் இருந்தால் வாரக்கணக்கு மிச்சம். செலவில் பெரியது மைக்ரோஸ்கோப்பும் சென்ட்ரிஃபியூஜும். அவை இருக்கும் இடத்தில் மற்றதெல்லாம் சில்லறை, நேரம்தான் விலை.

சீட்டு புட்டிக்கு வெளியே ஒட்டியதாக இருந்தால் ஆல்கஹால் கசிந்து அழிந்துவிடும். கெட்டிக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடவும்: விலங்கின் இனமும் எண்ணும், தேதி, குடலின் எந்தப் பகுதி அல்லது எந்த மருந்துக்குப் பின், எதில் கொல்லப்பட்டது, ஆண் எத்தனை பெண் எத்தனை. மை பேனா வேண்டாம்.